ஒரு பசுவுக்கு எத்தனை ஏக்கர்?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், தெற்கு டகோட்டாவை ஒட்டிய வட எல்லையில் இருக்கிறது செர்ரி கவுண்டி. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 150 கிலோமீட்டர், வடக்கு தெற்காக ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நிலப்பரப்பு மட்டும் 15,439 சதுர கிலோமீட்டர். கனெடிகட் என்னும் முழு மாநிலத்தையும் இதற்குள் வைத்துவிடலாம். அந்த மாநிலத்தில் 36 லட்சம் பேர் வாழ்கிறார்கள். செர்ரியில் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 5,455 பேர். நிலத்தைத் தலைக்குப் பங்கிட்டால் ஆளுக்குக் கிட்டத்தட்ட மூன்று சதுர கிலோமீட்டர் வரும்.

கவுண்டி என்பது அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாக அலகு. சொத்துவரி, உள்ளூர்ச் சாலைகள், ஷெரிஃபின் காவல், நீதிமன்றம், பத்திரப்பதிவு எல்லாம் அதன் பொறுப்பு. 36 லட்சம் பேர் இருந்தாலும் 5,000 பேர் இருந்தாலும் இந்த வேலைகள் நடந்தாக வேண்டும். செர்ரியின் மக்கள்தொகை 1920க்குப் பிறகு ஒரு கணக்கெடுப்பில்கூட ஏறவில்லை. நூறாண்டாக இறங்குமுகம் என்றதும் ‘காலியாகும் கிராமப்புறம்’ என்ற முடிவுக்கு வந்துவிடுவது எளிது. அந்த முடிவு பாதிதான் சரி. செர்ரியில் எத்தனை பேர் வாழ முடியும் என்பதை முதலில் தீர்மானிப்பது அங்குள்ள மணலும் புல்லும். அந்த அளவை மீறி மக்களைக் குடியேற்றியது ஒரு சட்டம். நூறாண்டுச் சரிவில் பெரும்பகுதி அந்தச் சட்டத்தின் தவறு நேராகி வந்த கதை.

கவுண்டியின் பெரும்பகுதி சாண்ட்ஹில்ஸ் எனப்படும் மணற்குன்றுப் பரப்புக்குள் அடங்கும். நெப்ராஸ்காவின் நடுவிலும் மேற்கிலுமாக 50,000 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருக்கும் இதுதான் மேற்கு அரைக்கோளத்தின் மிகப் பெரிய மணற்குன்றுத் தொகுதி. சில குன்றுகள் 120 மீட்டர் உயரம் உள்ளவை. நீளம் 30 கிலோமீட்டர்வரை போகும். ஆற்றுப் படிவுகளிலிருந்தும் மென்மையான மணற்பாறைகளிலிருந்தும் காற்று அள்ளி வந்து குவித்த மணல் இது. நிலவியல் கணக்கில் இவை இளம் குன்றுகள். கடைசிப் பனியுகம் முடிந்த பிறகு பலமுறை நகர்ந்திருக்கின்றன; சுமார் 800 முதல் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு, நீண்ட வறட்சி ஒன்றில் புல் கருகியபோதுகூடப் பெரிய அளவில் இடம்பெயர்ந்தன. இன்று அவற்றை நிறுத்தி வைத்திருப்பது மேலே படர்ந்த புல்லின் வேர் மட்டுமே. விரல் நுழையும் அளவுக்கு மண்ணைக் கிளறினால் சுத்தமான மணல் தெரியும்.

புல்போர்வை எங்கேயாவது கிழிந்தால் காற்று அங்கே குழி பறிக்கத் தொடங்கிவிடும். மாடுகள் ஒரே தடத்தில் நடப்பது, கம்பிவேலி ஓரத்தில் கூடி நின்று மிதிப்பது, ஒரு டிராக்டரின் சக்கரம் இரண்டுமுறை ஒரே இடத்தில் சுற்றுவது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். சில ஆண்டுகளில் வீடு கொள்ளும் பள்ளமாகிவிடும். பண்ணைக்காரர்கள் பழைய டயர்களையும் கெட்டுப்போன வைக்கோலையும் அந்தப் பள்ளங்களில் கொட்டிக் காற்றைத் தடுப்பது அண்மைக்காலம்வரை வழக்கம். குன்றுச்சரிவில் கறுப்பு டயர்கள் வரிசையாகக் கிடப்பதை இன்றும் காணலாம். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பள்ளங்களில் மட்டுமே வளரும் ஊதாப்பூச் செடி ஒன்று உண்டு. புளோவவுட் பென்ஸ்டிமன் என்று பெயர். மேய்ச்சல் முறை திருந்தித் திறந்த மணல் குறைந்ததும் அது அழிந்தேபோனதாகக் கருதப்பட்டது. 1968இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டு, 1987இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மணல் என்றதும் வறண்ட பாலை என்று நினைக்கத் தோன்றும். செர்ரி அப்படி அல்ல. ஆண்டு மழை சராசரியாக 500 மில்லிமீட்டர் அளவில்தான். ஆனால் பெய்த மழை ஓடி வீணாவதில்லை; மணல் உடனே உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடுகிறது. அடியில் இருப்பது ஓகல்லாலா நீர்த்தேக்கம். டெக்சாஸ்வரை எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரவியிருக்கும் இந்த நிலத்தடி நீர்த்தொகுதியின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நெப்ராஸ்காவில் இருக்கிறது. நீர் நிறைந்த அடுக்கு மிகத் தடிமனாக இருப்பது சாண்ட்ஹில்ஸுக்கு அடியில்தான். டெக்சாஸிலும் கான்சாஸிலும் நீர்மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டிருக்க, இங்கே பெருமளவு நிலையாக நிற்கிறது.

கோடையில் காய்ந்த ஆற்றுமணலைக் கையால் தோண்ட ஊற்று சுரப்பதுபோல, குன்றுகளுக்கு இடையிலான பள்ளத்தாக்கு நீர்மட்டத்தைத் தொடும் இடங்களில் எல்லாம் தண்ணீர் தானாக வெளிவருகிறது. ஆழமாகத் தொட்டால் ஏரி, லேசாகத் தொட்டால் சதுப்பு, தொடும்தொடாமலும் இருந்தால் ஈரப் புல்வெளி. இந்த மூன்றாம் வகைதான் பண்ணைகளுக்கு உயிர். குளிர்காலத்துக்கான வைக்கோல் அறுப்பது அங்கேதான். ஆறுகளும் இதே நீரில் ஓடுபவை. செர்ரியில் பிறக்கும் நார்த் லூப், நயோப்ராரா ஆற்றில் சேரும் ஸ்னேக் ஆகியவற்றின் ஓட்டம் கோடைக்கும் குளிருக்கும் பெரிதாக மாறுவதில்லை. மழையை நம்பி ஓடும் ஆறுகளுக்கு இது வாய்க்காத குணம். ஸ்னேக் ஆற்றில் 1964இல் கட்டி முடிக்கப்பட்ட மெரிட் அணையின் நீரோ, வாய்க்கால் வழியே கிழக்கே பக்கத்துக் கவுண்டியின் வயல்களுக்குப் போகிறது. செர்ரிக்கு அதனால் கிடைத்தவை மீன்பிடிப்பும் படகும் கோடைக்கால விருந்தினரும்.

வடக்கே நயோப்ராரா ஓடும் பள்ளத்தாக்கு தனி உலகம். வையோமிங்கில் பிறந்து மிசோரியில் சேரும் இந்த ஆறு, செர்ரியில் மணலை அறுத்துக்கொண்டு ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. தென்கரையின் நிழற்சரிவுகளில் ஊற்று கசியும் இடங்களில் வடக்கத்திப் பனிக்காட்டு மரமான பேப்பர் பிர்ச் நிற்கிறது. அது பனியுகத்தின் மிச்சம். வடகரைச் சரிவுகளில் ராக்கி மலையின் பாண்டரோசா பைன். ஆற்றோரத்தில் கிழக்கத்திய ஓக். மேட்டில் புல்வெளி. மேற்கின் மரமும் கிழக்கின் மரமும் வடக்கின் மரமும் சந்திக்கும் இப்படிப்பட்ட இடம் நடுச் சமவெளியில் வேறில்லை என்றே சொல்லலாம். நோர்டன் என்ற இடத்தில் அணை கட்டி இதை மூழ்கடிக்கும் திட்டம் 1970களில் கிளம்பியது. நீண்ட வழக்குகளுக்கும் வாதங்களுக்கும் பிறகு அது கைவிடப்பட்டது. 1991இல் 76 மைல் நீள ஆற்றுப்பகுதி தேசிய எழில்மிகு ஆறாக அறிவிக்கப்பட்டது. நெப்ராஸ்காவின் மிக உயரமான ஸ்மித் அருவி இங்கேதான். அதன் உயரம் 19 மீட்டர் என்பது மலைநாட்டுக்காரர்களுக்குச் சிரிப்பு மூட்டலாம்.

வானிலையும் மக்கள்தொகையில் கை வைக்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 பாகை செல்சியஸைத் தொடும். கோடையில் 40ஐத் தாண்டும். 1949 ஜனவரியில் தொடங்கிய பனிப்புயல் வரிசையில் பண்ணைகள் வாரக்கணக்கில் துண்டிக்கப்பட்டன. ராணுவம் புல்டோசர்களுடன் இறங்கிச் சாலைகளைத் திறக்க, விமானங்கள் மாடுகளுக்கு வைக்கோல் கட்டுகளை வானிலிருந்து போட்டன. அண்டை வீடு பத்து கிலோமீட்டரில் இருக்கும் ஊரில் இதற்கு வேறு வழி இல்லை.

இந்த மண்ணில் வெள்ளையர் குடியேறும் முன்பு லக்கோட்டா, பானி மக்கள் எருமை வேட்டைக்கு வந்து போனார்கள். வடக்கே ரோஸ்பட் பழங்குடி நிலத்தில் குடியமர்த்தப்பட்ட லக்கோட்டாக்களைக் கண்காணிக்க அமெரிக்க ராணுவம் 1880இல் நயோப்ராரா கோட்டையை அமைத்தது. 1906இல் கோட்டை கைவிடப்பட்டு, 1912இல் காட்டெருமைகளுக்கான சரணாலயமானது. ராணுவம் இருந்த காலத்தின் பிற்பகுதியில் அங்கே இருந்தவற்றுள் ஒன்று 25ஆவது காலாட்படை. கறுப்பினச் சிப்பாய்களின் படை. 1883இல் கவுண்டி உருவானபோது வைத்த பெயரும் ராணுவத்தின் நினைவுதான்: 1881இல் டகோட்டாப் பகுதியில் கொல்லப்பட்ட லெப்டினன்ட் சாமுவேல் செர்ரியின் பெயர்.

குன்றுகளுக்குள் மாடு போனால் திரும்பாது என்பது ஆரம்பகாலப் பண்ணைக்காரர்களின் நம்பிக்கை. அடையாளம் வைக்க ஒரு மரமில்லை, ஒரு குன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமில்லை. 1879இல் பனிப்புயலில் சிதறிய தங்கள் மாடுகளைத் தேடி நயோப்ராரா கரையிலிருந்த என்-பார் பண்ணையின் ஆட்கள் தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்தார்கள். மாடுகள் உயிரோடு இருந்தது மட்டுமல்ல, கொழுத்தும் இருந்தன. முந்தைய ஆண்டுகளில் வழிதவறியவையும் கன்றுகளோடு கிடைத்தன. குன்று காற்றை மறைக்கிறது, பள்ளத்தாக்கில் புல்லும் நீரும் கிடைக்கின்றன என்பது புரிந்ததும் பெரிய பண்ணைகள் உள்ளே நுழைந்தன. நிலம் அரசுடையது, வேலி பண்ணையாருடையது. ஸ்பேட் பண்ணையின் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் லட்சக்கணக்கான ஏக்கர் அரசு நிலத்தை வளைத்துப் போட்டதற்காக 1905இல் அபராதத்தோடு சில மணிநேரக் காவல் பெற்றார். தண்டனை கேலிக்கூத்தாக இருந்ததில் கொதித்துப்போன அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், வழக்கைக் கையாண்ட அரசு வழக்கறிஞரையே பதவியிலிருந்து நீக்கினார். அடுத்த ஆண்டு புது வழக்கில் ரிச்சர்ட்ஸுக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. காவலில் இருந்தபடியே 1911இல் இறந்தார். மேய்ச்சல் நிலத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த அறிவு அன்றைய நிலச் சட்டத்துக்கு இருக்கவில்லை என்பது வரலாற்றின் சங்கடம்.

அந்த நிலச் சட்டம் என்ன சொன்னது? 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி ஐந்து ஆண்டுகள் தங்கி உழைத்தால் 160 ஏக்கர் இலவசம். அயோவாவின் கறுப்பு மண்ணில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். சாண்ட்ஹில்ஸில் அது பட்டினி. இதை உணர்ந்த நெப்ராஸ்கா நாடாளுமன்ற உறுப்பினர் மோசஸ் கின்கெய்ட் கொண்டுவந்த சட்டம் 1904 ஏப்ரலில் நிறைவேறியது. மாநிலத்தின் வடமேற்கில் உள்ள 37 கவுண்டிகளில் குடும்பத்துக்கு 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல். ஐந்தாண்டு தங்கி, ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் மதிப்புக்கு நிலத்தை மேம்படுத்தியதைக் காட்டினால் போதும். நான்கு மடங்கு நிலம் என்றதும் கூட்டம் குவிந்தது. 1900இல் செர்ரியின் மக்கள்தொகை 6,541. 1910இல் 10,414. 1920இல் 11,753. அதுவே உச்சம்.

இப்போது மாட்டுக் கணக்குக்கு வரலாம். சாண்ட்ஹில்ஸில் ஒரு பசுவும் அதன் கன்றும் ஓராண்டு மேய ஏறத்தாழ 15 முதல் 20 ஏக்கர் வேண்டும். அதைவிடக் குறைத்தால் புல் தாங்காது. புல் போனால் மணல் கிளம்பும். இந்தக் கணக்கில் 640 ஏக்கரில் 32 முதல் 42 பசுக்கள்தான் நிற்கும். அத்தனை பசுக்களின் கன்றுகளை விற்று ஒரு குடும்பம் அன்றும் வாழ முடியவில்லை, இன்றும் முடியாது. ஆகவே கின்கெய்டர்கள் என்று அழைக்கப்பட்ட அந்தக் குடியேறிகள் உழுதார்கள். ஓரிரு ஆண்டுகள் மக்காச்சோளம் விளைந்தது. பிறகு உழுத நிலம் காற்றில் பறந்தது. மரமில்லாத நாட்டில் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் வீடு கட்டி, காய்ந்த எருவை எரித்துக் குளிர்காய்ந்து, ஐந்தாண்டு முடிந்து பட்டா கைக்கு வந்ததும் பலர் அதை அண்டைப் பண்ணைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பெரிய பண்ணைகளை உடைக்க வந்த சட்டம், சுற்றிவளைத்துப் பெரிய பண்ணைகளுக்கே சட்டப்படியான பட்டாவைச் சேர்த்துக் கொடுத்தது.

அப்படி வந்து போனவர்களில் தனியாகக் குறிப்பிட வேண்டியவர்கள் டிவிட்டி குடியிருப்பினர். 1907 முதல் நார்த் லூப் ஆற்றோரத்தில், பிரவுன்லீ என்ற சிற்றூருக்கு அருகே குடியேறிய கறுப்பினக் குடும்பங்கள் அவை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நெப்ராஸ்காவின் மிகப் பெரிய கறுப்பினக் கிராமக் குடியிருப்பாக அது வளர்ந்தது. தேவாலயம், பள்ளிகள், அஞ்சலகம், பேஸ்பால் அணி எல்லாம் இருந்தன. அஞ்சலகத்தின் பெயர் பின்னாளில் ஆடேஷஸ் என்று மாறியது. 1930களின் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். நிறவெறி விரட்டியது என்று சொல்ல இங்கே சான்று குறைவு; வெள்ளைக் கின்கெய்டர்களை விரட்டிய அதே 640 ஏக்கர் கணக்குதான் இவர்களையும் விரட்டியது. இன்று அங்கே நிற்பது 2016இல் நட்ட வரலாற்றுப் பலகை.

1920க்குப் பிந்தைய எண்களை வரிசையாகப் பார்த்தால் இறக்கத்தின் வேகம் மாறுவது தெரியும். 1940இல் 9,637, 1950இல் 8,397, 1970இல் 6,846. இந்த ஐம்பது ஆண்டுகளில் மட்டும் கிட்டத்தட்ட 4,900 பேர் குறைந்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில், அதாவது 2020வரை, குறைந்தது 1,400 பேர் மட்டும். முதல் சரிவில் சட்டம் ஏற்றிவிட்ட கூட்டம் இறங்கியது; டிராக்டரும் வைக்கோல் கட்டும் இயந்திரமும் வந்து பண்ணையாட்களின் தேவையைக் குறைத்ததும் அப்போதுதான். இரண்டாம் சரிவு வேறு வகை: சிறிய குடும்பங்கள், வெளியே படிக்கப்போன பிள்ளைகள், முதியோர்.

இன்னொரு கணக்கும் உண்டு. பண்ணைக் குடும்பம் ஒன்று நிம்மதியாக வாழ 300 பசுக்கள் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் தேவை சுமார் 5,000 ஏக்கர். கவுண்டியின் மொத்த நிலம் 38 லட்சம் ஏக்கர். வகுத்தால் 760 குடும்பங்கள். குடும்பத்துக்கு நான்கு பேர் என்றால் சுமார் 3,000 பேர். 2010 கணக்கெடுப்பில் கவுண்டியின் மொத்த மக்கள் 5,713. அதில் ஊர்களுக்கு வெளியே, பண்ணைகளில் இருந்தவர்கள் சுமார் 2,500. தோராயக் கணக்குதான் என்றாலும், நிலம் சொல்வதற்கும் கணக்கெடுப்பு சொல்வதற்கும் இடைவெளி அதிகமில்லை.

அமெரிக்க மக்கள்தொகைத் துறை 19ஆம் நூற்றாண்டில் ஓர் அளவுகோல் வைத்திருந்தது: சதுர மைலுக்கு இரண்டு பேருக்குக் குறைவாக இருந்தால் அது குடியேறப்படாத நிலம். 1890 கணக்கெடுப்புக்குப் பிறகு, நாட்டில் குடியேறிய நிலத்தையும் குடியேறாத நிலத்தையும் பிரிக்கும் தொடர்ச்சியான எல்லைக்கோடு இனி இல்லை என்று அறிவித்தார்கள். செர்ரியில் மக்கள் மிக நெருக்கமாக இருந்த 1920இல்கூடச் சதுர மைலுக்கு 1.97 பேர்தான். அந்தப் பழைய அளவுகோலின்படி இந்தக் கவுண்டி ஒருநாளும் ‘குடியேறப்பட்டதாக’ ஆனதே இல்லை. இன்றைய நிலை 0.9.

மனிதர் குறைந்த இந்த இடம் உற்பத்தியில் குறைந்ததல்ல. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இறைச்சியினப் பசுக்களோடு அமெரிக்கக் கவுண்டிகளில் முதலிடம் செர்ரிக்கு. மனிதருக்கு 25 பசுக்களுக்கு மேல் என்ற விகிதம். வசந்தத்தில் பசுக்கள் கன்று போடும். மே மாதத்தில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுவார்கள். அன்று அண்டைப் பண்ணைகளில் இருந்து குதிரையும் கயிறுமாக ஆட்கள் வந்துசேர்வார்கள். ஒருவர் கன்றின் பின்னங்காலில் சுருக்கு வீசி இழுத்துவர, இருவர் அமுக்கிப் பிடிக்க, ஒருவர் தடுப்பூசி போட, இன்னொருவர் எரிவாயுவில் பழுத்த இரும்பை வைப்பார். சில நூறு கன்றுகள் நண்பகலுக்குள் முடிந்து, பெரிய சாப்பாடு நடக்கும். கூலி கிடையாது, அடுத்த வாரம் அவர் பண்ணைக்கு இவர் போவார். இலையுதிர் காலத்தில் கன்றுகள் ஏலத்துக்கு வந்து, கிழக்கே மக்காச்சோளம் விளையும் கவுண்டிகளின் கொழுக்கவைக்கும் தொழுவங்களுக்கு லாரியேறும். காசு கைக்கு வருவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை. கன்றின் விலை அந்த ஒரு வாரத்தில் என்னவோ, அதுதான் ஆண்டு வருமானம்.

தண்ணீர் காட்டுவதற்கு ஒவ்வொரு மேய்ச்சல் பிரிவிலும் காற்றாலை. காற்று சுற்றும்போது குழாய் வழியே மெல்லிய தாரையாக நீர் வட்டமான இரும்புத் தொட்டியில் விழும். நிரம்பி வழிவது பக்கத்தில் சிறு குட்டையாகும். காற்று நின்ற ஆகஸ்ட் வாரங்களில் தொட்டியைப் போய்ப் பார்ப்பதே பண்ணைக்காரரின் முழுநேர வேலை. அண்மை ஆண்டுகளில் சூரிய மின்தகட்டில் ஓடும் பம்புகள் அந்தக் கவலையைக் குறைத்திருக்கின்றன.

ஊர்கள் ரயில் பாதையின் பிள்ளைகள். 1880களின் தொடக்கத்தில் கவுண்டியின் வட ஓரமாக வந்த ரயில் பாதையையொட்டி, இன்றைய 20ஆம் எண் நெடுஞ்சாலையில் உட் லேக், வேலன்டைன், குரூக்ஸ்டன், கில்கோர், நென்சல், கோடி, மெரிமன் என்று வரிசையாக நிற்கின்றன. 1992இல் ரயில் பாதை கைவிடப்பட்டது. நயோப்ராராவுக்கு மேலே 45 மீட்டர் உயரத்தில் நிற்கும் இரும்புப் பாலத்தில் இப்போது சைக்கிள் ஓட்டுகிறார்கள். கவுண்டியின் தலைநகரான வேலன்டைனில் 2020இல் 2,633 பேர். மருத்துவமனை, நீதிமன்றம், மாட்டு ஏலக்கூடம், பெரிய கடைகள் எல்லாம் அங்கேதான். ரோஸ்பட் பழங்குடி நிலத்திலிருந்தும் மக்கள் அங்கே வந்து போகிறார்கள். எட்வர்ட் வேலன்டைன் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர் ஊருக்கு வாய்த்ததில் ஒரு லாபம்: பிப்ரவரியில் நாடெங்கிலுமிருந்து ‘வேலன்டைன்’ எனப்படும் காதலர் தின வாழ்த்துகள் இந்த அஞ்சலகத்தின் முத்திரை பெற்றுப் போக வந்துசேர்கின்றன. மற்ற ஊர்கள் மிகச் சிறியவை. 2010இல் கோடியில் 154 பேர், கில்கோரில் 77, நென்சலில் 20.

தெற்குப் பாதியில் நகராட்சி பெற்ற ஊர் ஒன்றுகூட இல்லை. இன்னொரு ரயில் பாதை கவுண்டி எல்லைக்குச் சற்றுத் தெற்கே போனதால் மல்லன், ஹயானிஸ், தெட்ஃபோர்டு ஆகிய ஊர்கள் பக்கத்துக் கவுண்டிகளுக்குப் போய்விட்டன. தென் செர்ரியின் குடும்பங்களுக்குப் பள்ளியும் மளிகையும் அங்கே. வரி கட்டவும் பத்திரம் பதியவும் வேலன்டைன். கவுண்டியின் எல்லைகள் சதுரக் கோடுகள். வாழ்க்கை ஓடுவது ரயில் பாதைகளின் திசையில். இதற்கு மேல் கவுண்டியின் நடுவே நேர மண்டலக் கோடு ஒன்று வேறு போகிறது. வேலன்டைனில் மணி பத்தாகும்போது மேற்கே கோடியிலும் மெரிமனிலும் ஒன்பது. நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் கடிதத்தில் எந்த நேரம் என்று எழுதாவிட்டால் சிக்கல்தான்.

உள்பகுதிச் சாலைகள் பல ஒற்றை வண்டி அகலத் தார்ச்சாலைகள். எதிரே வண்டி வந்தால் இரண்டு பேரும் வலப்பக்கச் சக்கரங்களை மணலில் இறக்கி, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொல்லிக் கடப்பார்கள். வேலி குறுக்கிடும் இடங்களில் மாடு தாண்டாதபடி சாலையில் இரும்புக் கம்பித்தளம் பதித்திருக்கும். அஞ்சல் பெட்டிகள் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக நிற்கும். வீடு அங்கிருந்து பல மைல் உள்ளே.

இத்தகைய இடத்தில் அரசின் தலைக்கணக்கு தோற்றுவிடுகிறது. பள்ளிகளே இதற்கு நல்ல சான்று. ஓரறைப் பள்ளிகள் செர்ரியில் நீண்டகாலம் நீடித்தன. ஒரே ஆசிரியர், ஐந்தாறு பிள்ளைகள். மாணவருக்கு ஆகும் செலவு அதிகம் என்பது உண்மை. 2005இல் மாநிலச் சட்டமன்றம் தொடக்கப்பள்ளி மட்டும் நடத்திய கிராமப் பள்ளி மாவட்டங்களைப் பெரியவற்றோடு இணைக்கச் சட்டம் செய்தது. 2006 ஜூனில் அவை கலைந்தன. அதே ஆண்டு நவம்பரில் மாநில வாக்காளர்கள் அந்தச் சட்டத்தையே வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். ஆனால் கலைந்த மாவட்டங்கள் திரும்பி வரவில்லை. சேமித்த செலவு பெற்றோரின் பெட்ரோல் கணக்கிலும் பிள்ளைகளின் பயண நேரத்திலும் போய் ஏறியது. சில தாய்மார்கள் வாரநாட்களில் பிள்ளைகளோடு ஊரில் வாடகை வீட்டில் தங்கி வெள்ளிக்கிழமை பண்ணைக்குத் திரும்பும் பழைய பழக்கம் இங்கே இன்னும் உண்டு. தூரத்தைக் கணக்கில் சேர்க்காத எந்தச் சிக்கனமும் இந்தப் பகுதியில் சிக்கனமல்ல. சட்டமன்றத் தொகுதிகளுக்கும் இதே நிலைதான். தொகுதிகள் சம மக்கள்தொகை கொண்டவையாக இருக்க வேண்டும் என்ற 1964ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு நியாயமானது. அதன் விளைவாக, செர்ரியின் மாநில செனட்டர் பல கவுண்டிகளுக்கு ஒருவராக, ஒரு சிறு நாட்டின் பரப்பைச் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

ஒன்றில் நெப்ராஸ்கா சரியாக யோசித்தது. 1972 முதல் நிலத்தடி நீரைக் கவனிக்க இயற்கை வள மாவட்டங்கள் என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளை ஆற்றுப்படுகை வாரியாக அமைத்தது. கவுண்டிக் கோடுகளை அங்கே பொருட்படுத்தவில்லை. செர்ரியின் வடக்கு ஒரு மாவட்டத்திலும் தெற்கின் லூப் படுகை இன்னொன்றிலும் வருகின்றன. 1970களில் வட்டமாகச் சுற்றும் தெளிப்புப் பாசன எந்திரங்கள் மணற்குன்றுகளுக்குள் நுழைந்து, மக்காச்சோளத்துக்காகப் புல்லை உழுதன. விலை சரிந்ததும் சில வயல்கள் கைவிடப்பட்டு மணல் கிளம்பியது. கின்கெய்டர் காலத்துப் பாடம் இரண்டாம்முறை. அந்த ஆசைக்குக் கடிவாளம் போடுவதில் இந்த நீர் அமைப்புகளுக்குப் பங்குண்டு.

இன்றைய நெருக்கடிகளில் முதலாவது நெருப்பும் செடார் மரமும். இயற்கைத் தீயை அணைக்கத் தொடங்கியதிலிருந்து கிழக்கத்திய சிவப்புச் செடார் பள்ளத்தாக்குகளிலிருந்து மேடேறிப் புல்லை விழுங்கி வருகிறது. 2012 ஜூலையில் நயோப்ராரா பள்ளத்தாக்கில் பற்றிய தீ இந்த மரங்களைப் பிடித்துக்கொண்டுதான் பரவியது. தீயணைப்பு பெரும்பாலும் தன்னார்வலர் வேலை. பண்ணையில் பிக்அப் வண்டியின் பின்னே தண்ணீர்த் தொட்டியும் பம்பும் தயாராக இருக்கும். மக்கள் குறையும்போது முதலில் இளைப்பது இந்தத் தன்னார்வலர் பட்டியல்தான். அடுத்தது காற்றாலை மின்சாரம். காற்று வளம் மிகுதி. ஆனால் கோபுரங்களும் அவற்றுக்கான சாலைகளும் மணலைத் திறந்துவிடும் என்று ஒரு தரப்பும், வரி வருமானமும் வாடகையும் பண்ணைகளைக் காப்பாற்றும் என்று மறு தரப்பும் கவுண்டி அலுவலகத்தில் பல ஆண்டுகளாக மோதி வருகின்றன. அண்டை வீட்டாரே எதிரெதிராக நிற்பது இவ்வளவு சிறிய சமூகத்தில் நீண்ட காயம்.

இறங்குமுகத்தை எதிர்த்து நிற்கும் முயற்சிகளும் உண்டு. கோடியில் மளிகைக் கடை மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகு, உள்ளூர்ப் பள்ளி மாணவர்களே முன்னின்று, வைக்கோல் கட்டுகளால் சுவர் எழுப்பிய கட்டடத்தில் 2013இல் கடை திறந்தார்கள். கணக்கு, கொள்முதல், விலை நிர்ணயம் ஆகியவற்றை மாணவர்கள் பாடமாகவே கற்றுக்கொண்டு நடத்தினார்கள். இதனால் கவுண்டியின் மக்கள்தொகை ஏறிவிடாது. பாலும் ரொட்டியும் வாங்க 60 கிலோமீட்டர் போகும் தேவை கோடிக்குக் குறைந்தது.

நிலம் கைமாறும் முறைதான் வருங்கால எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். 5,000 ஏக்கர் பண்ணையின் சந்தை விலை, அது தரும் கன்று வருமானத்தோடு பொருந்தாத உயரத்துக்குப் போய்விட்டது. வேட்டைக்காகவும் முதலீட்டுக்காகவும் வாங்கும் வெளியூர்ச் செல்வந்தர்களோடு உள்ளூர் இளைஞர் போட்டியிட முடிவதில்லை. பள்ளிகளின் செலவு பெரும்பாலும் சொத்துவரியிலிருந்து வருவதால், நிலத்தின் விலை ஏற ஏற வரியும் ஏறுகிறது. மாட்டின் விலை அதே வேகத்தில் ஏறுவதில்லை. நான்கு பிள்ளைகளில் ஒருவர் பண்ணையை ஏற்றால் மற்ற மூவருக்குப் பங்கு கொடுக்கக் கடன் வாங்க வேண்டும். நால்வருக்கும் பிரித்தால் 1,250 ஏக்கர் வீதம் வரும், ஆளுக்கு 75 பசு. அது கின்கெய்டர் பங்கைப் போல இரண்டு மடங்குதான். ஆகவே பெரும்பாலும் ஒருவர் தங்க, மூவர் ஒமாஹாவுக்கோ டென்வருக்கோ போகிறார்கள்.